கொழுப்புக் குமிழி போகும் வழி

ஆம்போடெரிசின் பி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து. வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தார் பிரித்தெடுத்தது. உடலுக்குள் ஆழமாகப் பரவிவிட்ட பூஞ்சையை இதைப்போல் கொல்லும் மருந்துகள் குறைவு. ஆனால் இதை ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் நோயாளியைக் குளிர் தூக்கிப்போடும், காய்ச்சல் ஏறும், நாள் செல்லச் செல்லச் சிறுநீரகம் கெடும். காரணம் எளிது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது, நம்முடைய செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. இரண்டும் அமைப்பில் நெருங்கிய உறவு. மருந்து முதலாவதை அதிகம் நாடினாலும் இரண்டாவதையும் சும்மா விடுவதில்லை. இதே மூலக்கூற்றை, ஓர் அணுவைக்கூட மாற்றாமல், 100 நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து கொடுத்தபோது, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கே திணறிய உடல் 5 மில்லிகிராமையும், தேவைப்பட்டால் 10 மில்லிகிராமையும் தாங்கிக்கொண்டது. லைப்போசோம் எனப்படும் அந்தக் குமிழி அப்படி என்னதான் செய்கிறது? நோயுள்ள இடத்துக்கு மருந்தைக் குறிபார்த்துக் கொண்டுசேர்க்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அரை நூற்றாண்டுச் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்த விடை பெரும்பாலும் நிற்கவில்லை. லைப்போசோமுக்குக் குறிபார்க்கத் தெரியாது. உடல் அதை எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே போகும். அந்த வழியிலேயே நோய் இருந்த இடங்களில் அது பெரிய வெற்றி பெற்றது; வழியை மாற்றப் பார்த்த இடங்களில் அரைகுறை வெற்றி அல்லது தோல்வி.

தொடக்கத்தில் இதை யாரும் மருந்துக்காகத் தேடவில்லை. 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாபிரஹாமில் ஆய்வு செய்துகொண்டிருந்த அலெக் பாங்கம், ஹார்ன் என்பவரோடு சேர்ந்து, தண்ணீரில் கலந்த லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடைப் புதிய எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பாஸ்போலிப்பிடு மூலக்கூற்றின் தலை தண்ணீரை விரும்பும். இரட்டை வால் தண்ணீருக்கு ஆகாது. தண்ணீரில் போட்டால் அவை தாமாகவே வாலோடு வால் ஒட்டி இரண்டடுக்குத் தாளாகி, ஓரம் வெளியே தெரியாதபடி வளைந்து மூடிக்கொள்கின்றன. பாங்கம் கண்டவை ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குள்ள உருண்டைகள். செல்லின் சவ்வும் இதே இரண்டடுக்குதான் என்பதால், உயிரில்லாத ஒரு மாதிரிச் சவ்வு கையில் கிடைத்தது என்பதே அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. 1965இல் வெளிவந்த ஆய்வில், இவற்றுக்குள் அடைபட்ட உப்பு அயனிகள் மெதுவாகத்தான் கசிகின்றன என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள். உள்ளே ஒன்றை அடைக்கலாம், அது சட்டென்று வெளியே வராது என்ற இந்த இரண்டு செய்திகளும் மருந்துக்காரர்களின் காதில் விழச் சில ஆண்டுகள் பிடித்தன.

லண்டனில் கிரிகோரி கிரிகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் 1971இல் ஒரு நொதியை லைப்போசோமில் அடைத்து எலிகளின் இரத்தத்தில் செலுத்தினார்கள். பிறவியிலேயே சில நொதிகள் இல்லாததால் செல்லுக்குள் கழிவு தேங்கும் நோய்களுக்கு வெளியிலிருந்து நொதி கொடுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. குமிழிகள் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள், அதாவது மேக்ரோஃபேஜ்கள், அவற்றை அள்ளிக்கொண்டன. வேற்றுத் துகள் எதைக் கண்டாலும் விழுங்கிச் செரிப்பது அந்தச் செல்களின் பிழைப்பு. இந்த ஒரு கண்டுபிடிப்பைத்தான் பின்னால் வந்தவர்கள் இரண்டு விதமாகப் படித்தார்கள். புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு அது இடையூறு: கட்டிக்குப் போக வேண்டியதைக் கல்லீரல் தின்றுவிடுகிறது. ஒட்டுண்ணி ஆய்வாளர்கள் சிலருக்கோ அது அழைப்பு: நோய்க்கிருமியே விழுங்கு செல்லுக்குள் குடியிருந்தால், இதைவிட நல்ல வண்டி எது?

அப்படிக் குடியிருக்கும் கிருமி ஒன்று உண்டு. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரை உண்டாக்கும் லீஷ்மேனியா. 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரிகளில் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன், டம்டம்மில் நோயுற்ற ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்டதை வெளியிட்டிருந்தார். இருவர் பெயரும் சேர்ந்துதான் லீஷ்மேனியா டோனோவனி. மணல் ஈ கடித்து உள்ளே வரும் இந்தக் கிருமி, தன்னைத் தின்ன வரும் விழுங்கு செல்லுக்குள்ளேயே பெருகும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும். மருத்துவம் இல்லையென்றால் பெரும்பாலும் சாவுதான். லைப்போசோம் போய்ச் சேரும் உறுப்புகளும் இந்தக் கிருமி இருக்கும் உறுப்புகளும் ஒன்றே. செல்கூட ஒன்றே. 1970களின் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக ஆய்வுக் குழுக்கள் இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்ட ஆன்டிமனி மருந்தை லைப்போசோமில் அடைத்து விலங்குகளுக்குக் கொடுத்தபோது, மருந்தின் வீரியம் பல மடங்கு கூடியது. அந்தக் குமிழிகளில் குறிபார்க்கும் மூலக்கூறு எதுவும் பொருத்தப்படவில்லை. உடலின் துப்புரவு வேலையே குறிபார்த்துக் கொடுத்தது.

மனிதர்களிடம் இதை உறுதிசெய்தது பீகார். அங்கே ஆன்டிமனிக்குக் கிருமி பழகிப்போயிருந்தது. மாற்றாக இருந்த பழைய ஆம்போடெரிசினை ஒருநாள் விட்டு ஒருநாளாக 15 முறை ஏற்ற வேண்டும். கூலி வேலை செய்பவர் ஒரு மாதம் மருத்துவமனையில் படுத்துக்கிடப்பது என்றால் குடும்பமே படுத்துவிடும். முசாஃபர்பூரில் ஷியாம் சுந்தரும் சகாக்களும் செய்து 2010இல் வெளியிட்ட சோதனையில், 304 பேருக்கு லைப்போசோம் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே தடவை கொடுக்கப்பட்டது. 108 பேருக்குப் பழைய முறை. ஆறு மாதம் கழித்துக் குணமாகியிருந்தவர்கள் முறையே 95.7 விழுக்காடும் 96.3 விழுக்காடும். அதாவது ஒரு மாதப் படுக்கைக்கும் ஒரு தடவை ஏற்றுவதற்கும் பலனில் வேறுபாடு இல்லை. பின்னர் இந்த ஒற்றை ஊசி இந்தியாவில் முதல்நிலை மருத்துவமானது. உலக சுகாதார நிறுவனம் வழியாகக் கிலியட் நிறுவனம் மருந்தை நன்கொடையாகவும் கொடுத்தது. 2023இல் வங்கதேசம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து கருங்காய்ச்சலை அகற்றிய முதல் நாடாக அறிவிக்கப்பட்டது. மணல் ஈ ஒழிப்புக்கும் உடனடிப் பரிசோதனைக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் முடிகிற மருத்துவம் இல்லாமல் அந்தக் கிராமங்களில் இந்தக் கணக்கு நடந்திருக்காது.

ஒற்றை ஊசி சாத்தியமானதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அது போகிற இடத்தைப் பற்றியதல்ல. போகாத இடத்தைப் பற்றியது. ஆம்போடெரிசின் லைப்போசோமின் உள்நீரில் மிதப்பதில்லை, இரண்டடுக்குச் சவ்வுக்குள்ளேயே செருகி உட்கார்ந்திருக்கிறது. கூடவே கொலஸ்ட்ராலும் அந்தச் சவ்வில் இருப்பதால், நம் செல்களின் கொலஸ்ட்ராலைத் தேடி அது வெளியே தாவ வேண்டிய அவசியம் குறைகிறது. பூஞ்சையின் சுவரில் மோதும்போதுதான் இடம் மாறுகிறது. சிறுநீரகத்துக்குப் போவது குறைந்ததால் அளவைக் கூட்ட முடிந்தது. அளவு கூடியதால் திசுக்களில் மருந்து நாட்கணக்கில் தங்கியது. எய்ட்ஸ் நோயாளிகளைக் கொல்லும் கிரிப்டோகாக்கஸ் மூளைச்சவ்வு அழற்சிக்கு ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்து 2022இல் வெளியான சோதனையிலும், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்த ஒற்றை ஊசி பழைய முறைக்குக் குறையவில்லை. பத்து வாரத்தில் இறப்பு 24.8 விழுக்காடு, பழைய முறையில் 28.7. மூளைச்சவ்வு விழுங்கு செல்களின் தலைமையகம் அல்ல. இங்கே லைப்போசோம் செய்தது காப்பு வேலை. இதையும் குறிபார்த்தல் என்று எழுதுவது சோம்பல்.

புற்றுநோயில் நடந்தது வேறு கதை. அங்கே ஆய்வாளர்கள் உடலின் வழியை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏமாற்றப் பார்த்தார்கள். குமிழியின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீண்ட இழைகளை நட்டால், அவை தண்ணீரைப் பிடித்துவைத்து ஒரு போர்வையாகின்றன. விழுங்கு செல்களுக்கு உடனே அடையாளம் தெரிவதில்லை. ஜெருசலேமில் யெகெஸ்கெல் பாரன்ஹோல்ஸும் ஆல்பெர்டோ கபிசானும் முன்னின்று உருவாக்கிய டாக்ஸில் என்ற மருந்து, 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் உள்ளமைப்பு மருந்தியல் வேலைத்திறனில் ஓர் அழகு. குமிழிக்குள் அமோனியம் சல்பேட் கரைசலை முதலில் அடைக்கிறார்கள். வெளியில் விட்ட டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து மின்னேற்றம் இல்லாத நிலையில் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. உள்ளே அமிலத்தன்மை காரணமாக மின்னேற்றம் பெற்று, திரும்பிவர முடியாமல், சல்பேட்டோடு சேர்ந்து உறைகிறது. உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொரு குமிழியின் நடுவிலும் ஒரு கோல் தெரியும். மொத்தத்தில் காப்பிக் கொட்டையின் நடுக்கீற்றுப் போல இருக்கும். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் அந்தக் கீற்றில் அடங்கியிருக்கின்றன. ஊசி போட்ட பிறகு இந்தக் குமிழிகள் இரத்தத்தில் நாட்கணக்கில் சுற்றுகின்றன. கட்டிகளின் இரத்தக் குழாய்கள் ஒழுகலாக இருப்பதால் அங்கே கசிந்து தேங்கும் என்பது நம்பிக்கை. ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் எலிகளிடம் காட்டிய விளைவு அது.

நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு? எய்ட்ஸோடு வரும் காப்போசி கட்டிகளில் நன்றாகவே இருந்தது. அந்தக் கட்டியே ஒழுகும் குழாய்களால் ஆனது. ஆனால் பரவிய மார்பகப் புற்றுநோயில் 509 பெண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஒப்பீட்டில், நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம் லைப்போசோம் மருந்தில் 6.9 மாதம், சாதாரண டாக்ஸோரூபிசினில் 7.8 மாதம், புள்ளியியல்படி இரண்டும் சமம். இதயப் பாதிப்பு சாதாரண மருந்தில் மூன்று மடங்குக்கும் மேல். முடி உதிர்வதும் வாந்தியும் லைப்போசோமில் குறைவு. மறுபுறம், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெந்து உரிகிற துன்பம் லைப்போசோம் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு, மற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கு. நீண்டநேரம் சுற்ற விட்டால் குமிழி கட்டிக்குள் மட்டும் கசியும் என்று யார் சொன்னது? அழுத்தமும் உராய்வும் உள்ள தோலிலும் கசிகிறது. 2016இல் டொராண்டோவின் வாரன் சான் குழு, பத்தாண்டு விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை எட்டுவது நடு அளவாக 0.7 விழுக்காடு என்று கணக்கிட்டது. இந்த எண்ணை வைத்து நானோ மருத்துவமே ஏமாற்று என்று எழுதியவர்கள் உண்டு. அது நியாயமில்லை, வெறும் மருந்தில் எத்தனை விழுக்காடு கட்டியை எட்டுகிறது என்பதையும் அருகில் வைக்காமல் இந்த எண்ணால் எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் 99 விழுக்காடு வேறெங்கோ போகிறது என்றால், அந்த வேறெங்கோதான் மருந்தின் குணத்தை முடிவு செய்யும். டாக்ஸில் இதயத்துக்குப் போகவில்லை, அதுவே அதன் வெற்றி. இதயம் பிழைத்த ஒரு நோயாளிக்கு அது சிறிய வெற்றியும் அல்ல.

உடலோடு மேலும் மல்லுக்கட்டிய முயற்சிகள் இன்னும் மோசமாக முடிந்தன. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை இதே போர்வைக் குமிழியில் அடைத்தார்கள். கட்டிக்குப் போனது, ஆனால் உள்ளிருந்து வெளியே வரவே இல்லை, பலனும் இல்லை. சூடுபட்டால் திறக்கும் குமிழியைக் கல்லீரல் புற்றுநோயில் 701 பேரிடம் சோதித்தார்கள். 2013 தொடக்கத்தில் இலக்கை எட்டவில்லை என்று அறிவிப்பு வந்தது. ஹெர்2 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடித் துண்டுகளைக் குமிழியின் மேல் ஒட்டிய மருந்தின் மார்பகப் புற்றுநோய்ச் சோதனை 2016இல் பாதியில் நின்றது. பால் எர்லிக் நூறாண்டுக்கு முன் கனவு கண்ட, நோயை மட்டும் தேடித் தாக்கும் மாயத் தோட்டாவுக்கு மிக நெருக்கமான வடிவம் இதுதான், அதுவும் போனது. இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: 2017இல் அனுமதி பெற்ற வைக்சியோஸ் ஆயுளையே நீட்டியதே? உண்மை. சைட்டராபின், டௌனோரூபிசின் இரண்டையும் 5:1 விகிதத்தில் அடைத்த அந்த லைப்போசோம், தீவிர இரத்தப் புற்றுநோய் வந்த முதியவர்களின் நடு ஆயுளை 5.95 மாதத்திலிருந்து 9.56 மாதமாக்கியது. ஆனால் அந்த நோய் இருக்கும் இடம் எது? எலும்பு மஜ்ஜை. கல்லீரல், மண்ணீரலுக்கு அடுத்து லைப்போசோம் தானாகப் போய்ச் சேரும் உறுப்பு. விதிவிலக்காகத் தோன்றுவது விதிக்குள்தான் அடங்குகிறது.

தடுப்பூசியில் இந்த விதி இன்னும் தெளிவு. தடுப்பூசிக்கு வேண்டியது நோய்க்கூறு விழுங்கு செல்களின் கையில் சிக்குவதுதான். அவையே அதை நறுக்கி டி செல்களுக்குக் காட்டுகின்றன. ஆலிசனும் கிரிகோரியாடிஸும் 1974இலேயே லைப்போசோம் நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதன் முழுப் பலன் 2017இல் அக்கித் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸில் தெரிந்தது. அதில் ஏஎஸ்01 என்ற துணைப்பொருள் இருக்கிறது: சிலி நாட்டு குயில்லாயா மரப்பட்டையிலிருந்து வரும் கியூஎஸ்-21 என்ற சபோனினும் பாக்டீரியாவின் கொழுப்பிலிருந்து எடுத்த எம்பிஎல் என்ற பொருளும் லைப்போசோமில் பொதிந்தவை. கியூஎஸ்-21 தனியாக இருந்தால் கொலஸ்ட்ராலைப் பிடித்து இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். லைப்போசோமில் உள்ள கொலஸ்ட்ரால் அதன் வாயை அடைத்துவிடுகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குமிழிகள் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய் அங்குள்ள விழுங்கு செல்களைத் தட்டியெழுப்புகின்றன. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் பாதுகாப்பு 97.2 விழுக்காடு, பழைய உயிருள்ள தடுப்பூசி தந்ததோ பாதியளவுதான். இலவசமாக வரவில்லை: 17 விழுக்காட்டினருக்கு அன்றாட வேலையை நிறுத்தும் அளவுக்கு வலியோ காய்ச்சலோ வந்தது. இதே குடும்பத் துணைப்பொருள் சேர்ந்த எம்72 என்ற காசநோய்த் தடுப்பூசி, இரண்டாம் கட்டச் சோதனையில் மூன்றாண்டில் சுமார் 50 விழுக்காடு காத்தது; 2024இல் தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் கட்டம் தொடங்கியிருக்கிறது. காசநோய்க் கிருமியும் விழுங்கு செல்லுக்குள் குடியிருப்பதுதான்.

கோவிட் காலத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கறார் வேதியியலாளர்கள் சொல்வார்கள். அவற்றின் கொழுப்புத் துகளுக்குள் நீர் நிறைந்த அறை கிடையாது. எம்ஆர்என்ஏவைச் சுற்றிக் கொழுப்பு அடர்ந்து கிடக்கிறது. வடிவத்தில் அவர்கள் சொல்வது சரி. வரலாற்றிலும் நடத்தையிலும் இது லைப்போசோமின் நேர் வாரிசு. எம்ஆர்என்ஏவை லைப்போசோமில் அடைக்கும் சோதனைகள் 1978இலேயே நடந்தன. நிரந்தர நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புகள் செல்களைக் கொன்றதால், வான்கூவரில் பீட்டர் கல்லிஸும் பிறரும் இரத்தத்தில் மின்னேற்றம் இல்லாமலும் செல்லுக்குள் அமிலப் பையில் போன பிறகு மின்னேற்றம் பெற்றும் சவ்வைக் குலைக்கும் கொழுப்புகளை உருவாக்கினார்கள். அதன் முதல் மருந்தான ஆன்பாட்ரோ 2018இல் வந்தது. அதை இரத்தக்குழாயில் செலுத்தினால் இரத்தத்திலுள்ள அப்போலிப்போபுரதம் ஈ துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் கல்லீரலுக்குக் கூட்டிப்போகிறது. அந்த மருந்து குறிவைக்கும் நோய்க்குக் காரணமான புரதத்தை உற்பத்தி செய்வதும் கல்லீரல்தான். 2025இல் பிலடெல்ஃபியாவில் ஒரு குழந்தைக்கென்றே தயாரிக்கப்பட்ட மரபணுத் திருத்தம் இதே வகைத் துகளில் மூன்று தடவை செலுத்தப்பட்டது. அங்கும் குறைபாடு கல்லீரல் நொதியில். மூளைக்கோ தசைக்கோ இதயத்துக்கோ இரத்தக்குழாய் ஊசி வழியாக இவ்வளவு திறமாகக் கொண்டுபோகும் துகள் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

எஞ்சும் ஆட்சேபங்களில் கனமானது விலை. 2021 மே மாதம் கோவிட்டின் இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை பரவியபோது தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. லைப்போசோம் ஆம்போடெரிசினுக்கு நாடு முழுக்க அலைமோதல். கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு. நான்கு வாரத்துக்கு 168. கருங்காய்ச்சலில் 35 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தமே ஏழு குப்பி. தட்டுப்பாட்டின் அடியில் இருந்தது மருந்து மூலக்கூறு மட்டுமல்ல; குமிழிக்கு வேண்டிய தூய பாஸ்போலிப்பிடுகளை உருவாக்குகிறவர்கள் உலகிலேயே சிலர்தான். முன்பு டாக்ஸில் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவே 2012இல் இந்தியாவின் சன் ஃபார்மாவிடமிருந்து மாற்று மருந்தை இறக்குமதி செய்தது, ஆகவே குமிழி செய்யும் கை இங்கே இல்லாமல் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை நிறுவிய பிமல் குமார் பச்சாவத், பிற்பாடு டெல்லிப் பல்கலைக்கழகத் தென் வளாகத்தில் உள்நாட்டு லைப்போசோம் ஆம்போடெரிசினை உருவாக்கிய பணிக்குத் தலைமை தாங்கினார். ஏற்றுவதற்கு முன் ஒலியதிர்வுத் தொட்டியில் குலுக்க வேண்டும் என்ற தொல்லை இருந்தாலும் அது உள்நாட்டு மருந்து. விலை அதிகம் என்பது லைப்போசோமுக்கு எதிரான வாதம் என்பதைவிட, கொழுப்பை மூலப்பொருளாக மதித்து இங்கேயே செய்யாமல் விட்டதற்கு எதிரான வாதம்.

கருங்காய்ச்சலிலேயே இப்போது மிச்சமிருக்கும் சிக்கல் தோலில் இருக்கிறது. குணமான சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து முகத்திலும் உடலிலும் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் வருகின்றன. வலி இல்லை, ஆள் வேலைக்குப் போவார், மருத்துவரிடம் போக மாட்டார். ஆனால் அந்தத் தோலைக் கடிக்கும் மணல் ஈ கிருமியை எடுத்துக்கொண்டு போகிறது என்று பீகாரிலும் வங்கதேசத்திலும் நடந்த சோதனைகள் காட்டிவிட்டன. இந்தத் தோல் நோய்க்கு ஒற்றை ஊசி போதவில்லை. 12 வாரம் மில்டெஃபோசின் மாத்திரை, அல்லது பல தவணை லைப்போசோம் மருந்தும் மாத்திரையும் சேர்ந்த மருத்துவம் என்று முயன்றுகொண்டிருக்கிறார்கள். மண்ணீரலுக்குத் தானாகப் போன குமிழி, தோலில் உள்ள அதே கிருமியிடம் அவ்வளவு எளிதாகப் போய்ச் சேரவில்லை.